இரவு ஆட்டமும் இல்லத்தார் உறக்கமும்

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இரண்டு முறையீடுகள் இந்நாளில் அடிக்கடி செவியில் விழுகின்றன. “பிள்ளை இரவெல்லாம் கணிப்பொறி முன் அமர்ந்து ஆடுகிறான், அதில் நல்லது எது, தீயது எது என்று நமக்கு விளங்கவில்லை” என்பது ஒன்று. “அவன் தட்டுகிற ஓசையில் வீட்டில் ஒருவரும் கண்ணயர முடியவில்லை” என்பது மற்றொன்று. முன்னது மனத்தைப் பற்றியது. பின்னது காதைப் பற்றியது. இரண்டும் தொடர்பற்றவைபோல் தோன்றினும் ஆராய்ந்து பார்ப்பார்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். பிறர் செய்த பொருளைக் கெடுக்காமல் அதன்மேல் நம் உழைப்பைச் சேர்ப்பது எப்படி என்பது முதற் கேள்வி. பிறர் அமைதியைக் கெடுக்காமல் நம் இன்பத்தை நுகர்வது எப்படி என்பது இரண்டாம் கேள்வி. ஊர் விட்டு ஊர் வந்து, அயலாரோடு சுவரைப் பகிர்ந்து வாழும் நமக்கு இவ்விரு கேள்விகளும் புதியன அல்ல.

அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் சிவாஜிநகரிலும் நம்மவர் வாழும் இல்லங்கள் பல, ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுக்களை என்ற அளவில் முடிபவை. அவ்வறையிலேயே பாட்டி படுப்பாள். அங்கேயே பிள்ளை படிப்பான். அங்கேயே கணிப்பொறியும் இருக்கும். நாம் ரெயில்வேயில் குமாஸ்தாப் பணி புரிபவர். இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குபவரும், விடியலுக்கு முன்னரே எழுந்து நிலையத்திற்கு ஓடுபவரும் நம் துறையில் பலர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மார்களோ, ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். இத்தகைய வீட்டில் ஒரு மணி நேர உறக்கம் என்பது கைப்பொருள் போன்றது. அதனைப் பிள்ளையின் ஆட்டம் களவாடுமாயின் வீட்டில் சினம் எழுவது இயல்பே.

சினத்தால் ஆட்டத்தை அடியோடு தடுத்துவிடலாம் என்பாரும் உளர். நம் கருத்து அஃதன்று. ஆட்டத்தில் தேர்ந்து கொள்ளத்தக்கனவும் உண்டு. ஓசையை அடக்க வழியும் உண்டு. இரண்டையும் முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாத்திரம் ஏற்று ஆடுதல்

கணிப்பொறி ஆட்டங்கள் பல வகைப்படும். வண்டி ஓட்டுதல், பந்து விளையாடுதல், சுட்டு வீழ்த்துதல் முதலியன யாவரும் அறிந்தவை. ‘ஆர்.பி.ஜி.’ என்று பிள்ளைகள் வழங்கும் வகை இவற்றின் வேறானது. இதில் ஆடுபவன் ஒரு கதை மாந்தனின் வேடத்தை ஏற்கிறான். ஊர் ஊராகச் செல்கிறான், எதிர்ப்படுவோரோடு உரையாடுகிறான், உதவுவதா, ஏமாற்றுவதா என்று தானே முடிவு செய்கிறான், அம்முடிவின் பயனையும் தானே அடைகிறான். தெருக்கூத்தில் வேடங்கட்டி நிற்பவனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு, கூத்தின் முடிவு முன்னரே அறிந்தது. இவன் கதையின் முடிவு இவன் கையில் உள்ளது என்பதேயாகும்.

இவ்வாட்டங்களைப் பெரிய நிறுவனங்கள் செய்து விற்கின்றன. அவற்றை வாங்கி ஆடிய அன்பர்கள், ஆடியதோடு நில்லாமல் தாமே புதிய ஊரையும் புதிய மாந்தரையும் புதிய கதையையும் படைத்து அவற்றோடு சேர்க்கின்றனர். இதனை ‘மாட்’ என்பர். நாம் ‘ஒட்டு’ என்று வழங்குவோம். நாட்டு மாஞ்செடியின் வேரில் சேலத்து மல்கோவாக் கிளையைக் கட்டி வளர்ப்பது நம் தோட்டக்காரர் கண்ட முறை. வேர் ஒருவருடையது, கனி மற்றொருவருடையது, இரண்டும் சேர்ந்தாலன்றி மரம் இல்லை. அவ்வாறே மூல ஆட்டம் இல்லாமல் ஒட்டு இயங்காது.

தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது. கம்பர் யுத்த காண்டத்தோடு இராமகாதையை நிறைவு செய்தார். அதன் பின் நிகழ்ந்தவற்றைக் கூறும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பது வழிவழி வரும் செய்தி. அது வெளிப்படையான ஒட்டு. கம்பரை அது மறைக்கவில்லை. பிற்காலத்தார் தம் பெயரை மறைத்துக் கம்பர் பாடல்களுக்கு நடுவே நுழைத்தவையும் உண்டு. அவற்றை ‘வெள்ளிப் பாடல்கள்’ என்று பெயரிட்டு அறிஞர்கள் தனியே பிரித்தனர். எது மூலம், எது செருகல் என்று காண அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. நல்ல ஒட்டு எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டா. அது தன் பெயரோடு தனியே நிற்க வேண்டும். வேண்டும்போது சேர்க்கவும், வேண்டாதபோது எடுக்கவும் இயல வேண்டும். எடுத்தபின் மூலம் பழுதின்றி இருக்க வேண்டும்.

ஒட்டு வளர்ந்த வரலாறு

தொடக்கத்தில் ஆட்ட நிறுவனங்களுள் பல தம் படைப்பைப் பிறர் தொடுவதை விரும்பவில்லை. பின்னர்ச் சில நிறுவனங்கள் தாம் பயன்படுத்திய கருவிகளையே மக்கள் கையில் கொடுத்தன. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மோரோவிண்ட்’, ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ ஆகிய இரண்டு ஆட்டங்களும், புதிய ஊர்களைக் கட்டுதற்குரிய கருவியோடு விற்கப்பட்டன. 2011-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ ஆட்டத்திற்கு அத்தகைய கருவி 2012-இல் விலையின்றி வழங்கப்பட்டது. தச்சன் நாற்காலியை விற்றுவிட்டு உளியையும் இழைப்புளியையும் கூடவே கொடுத்தது போன்றது இது. வாங்கியவர்களுள் சிலர் நாற்காலியில் அமர்ந்தனர். சிலர் கட்டில் செய்யத் தொடங்கினர்.

அவ்வாறு தொடங்கியவர்களின் பொறுமை போற்றத்தக்கது. மோரோவிண்ட் ஆட்டம் ஒரு பெரிய மாநிலத்தின் நடுவிலுள்ள ஒரு தீவை மட்டுமே காட்டுகிறது. எஞ்சிய நிலப்பரப்பு முழுவதையும் தாமே கட்டி முடிப்பதென்று 2001-ஆம் ஆண்டில், அவ்வாட்டம் வெளிவருவதற்கு முன்னரே, அன்பர் குழு ஒன்று உறுதி பூண்டது. ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்னும் அப்பணி இருபதாண்டுகளைக் கடந்து இன்றும் பகுதி பகுதியாக வெளிவருகிறது. தொடங்கியபோது மாணவராய் இருந்தோர் இப்போது நடுவயதினர். ஊதியம் என்று ஒரு காசு கிடையாது.

2004-இல் வெளிவந்த ‘வாம்பயர்: பிளட்லைன்ஸ்’ என்னும் ஆட்டம் பிழைகள் மலிந்து வந்தது, செய்த நிறுவனமோ அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கேட்பாரற்றுக் கிடந்த அதனை ஜெர்மனி நாட்டு வேதியியல் அறிஞர் ஒருவர் எடுத்து, பிழை திருத்தும் ஒட்டுகளை ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார். தகப்பன் இல்லாப் பிள்ளையை ஊரார் வளர்த்ததற்கு இஃது ஒப்பாகும். ஆயினும் அவ்வாட்டம் பெரியோர்க்கு மட்டுமே உரியது. பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகாது.

ஒட்டுக்கு விலை வைக்கலாமா என்ற வழக்கும் எழுந்தது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் ஒட்டுகளை விலைக்கு விற்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. ஆடுவோர் பெருங்கூச்சல் எழுப்பினர். சில நாட்களிலேயே அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. பின்னாளில் நிறுவனங்கள் விலைக்குரிய ஒட்டுகளைத் தனியே விற்கத் தொடங்கின என்பதும் உண்மை. எனினும் அன்பர்கள் அன்பினால் செய்து பொதுவில் வைத்தவையே இன்றும் மிகுதி. நம்மைப் போன்ற அளவுச் சம்பளக்காரர்க்கு உகந்தவையும் அவையே.

பரிந்துரைக்கத்தக்க ஒட்டுகள்

முதலில் சிறுவர்க்கு உரியது. ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் உழவு ஆட்டத்தை எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியொருவராய் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்டார். நகரத்து அலுவலகத்தில் மனம் வெறுத்த ஒருவன், பாட்டன் விட்டுச் சென்ற நிலத்திற்குத் திரும்பிப் போகிறான், களை பறிக்கிறான், விதைக்கிறான், ஊராரோடு பழகுகிறான். இதுவே கதை. பாட்டன் நிலத்தை விட்டு நகரத்து அலுவலகத்திற்கு வந்த நமக்கு, இக்கதை தலைகீழாய்த் தோன்றி ஒரு பெருமூச்சை எழுப்பும். இதற்கு அன்பர்கள் செய்த ஒட்டுகளுள் பெரியது ‘ஸ்டார்டியூ வேலி எக்ஸ்பாண்டட்’. புதிய இடங்களும் இருபதுக்கு மேற்பட்ட புதிய மாந்தரும் அதில் உள்ளனர். மூல ஆட்டத்தை ஓராண்டேனும் ஆடிச் சலித்தபின் இதனைச் சேர்த்தல் நன்று. முதல் நாளே சேர்த்தால் எது பாட்டன் நிலம், எது அயலான் நிலம் என்று தெரியாது போகும். மூல ஆட்டத்தில் மதுக்கடையும் சூதாட்டக் கூடமும் சிறு அளவில் வருகின்றன என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்து ‘மைன்கிராப்ட்’. கட்டை மேல் கட்டை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டும் இவ்வாட்டம் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. பெற்றோர் அறியாதது ஒன்று உண்டு: இதன் ‘ஜாவா’ப் பதிப்பில் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழைத் தேர்ந்து கொள்ளலாம். தன்னார்வலர் மொழிபெயர்த்தது அது. கன்னடமும் அப்பட்டியலில் உண்டு. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பெங்களூர்ப் பிள்ளைக்கு, ஒரு வாரம் தமிழிலும் மறுவாரம் கன்னடத்திலும் ஆடு என்று சொல்லிப் பாருங்கள். மண்வெட்டிக்கும் கரிக்கும் படிக்கட்டுக்கும் இரு மொழியிலும் பெயர் கற்றுக் கொள்வான். பாடநூலைத் திறக்க மறுக்கும் பிள்ளையும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

இனிப் பதினெட்டு வயது கடந்தோர்க்கு உரியவை. ஸ்கைரிம் ஆட்டத்தில் போரும் குருதியும் மிகுதி. ஆதலால் சிறுவர்க்கு ஆகாது. அதன் மேல் எழுந்த ஒட்டுகளுள் தலையாயது ‘எண்டெரல்’. ஜெர்மானிய அன்பர் குழு ஒன்று 2016-இல் வெளியிட்ட இது, மூல ஆட்டத்தின் வேரை மட்டும் வைத்துக் கொண்டு நாடு, மாந்தர், கதை, குரல் யாவற்றையும் புதிதாய்ப் படைத்தது. ஸ்கைரிம் வைத்திருப்பார்க்கு இது விலையின்றிக் கிடைக்கும். துயரம் தோய்ந்த கதை; மனம் தெளிந்திருக்கும் நாளில் ஆடுக.

மற்றொன்று ‘தி பர்காட்டன் சிட்டி’. ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராய் இருந்த நிக் பியர்ஸ் என்பவர், அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் செய்து 2015-இல் வெளியிட்ட ஒட்டு இது. நிலத்தடி நகரம் ஒன்றில் மக்கள் சிலர் சிறைப்பட்டுள்ளனர். அங்கே ஒரே சட்டம்: ஒருவர் குற்றம் இழைத்தால் அனைவரும் மாள்வர். ஆதலால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கண்காணித்து வாழ்கின்றனர். வாளைவிட வாக்குக்கே இதில் வேலை அதிகம். இதன் எழுத்துக்காக 2016-இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. பின்னர் அவர் வழக்கறிஞர் தொழிலை விட்டு அதனையே தனி ஆட்டமாக வளர்த்து 2021-இல் வெளியிட்டார். ஒரு பொழுதுபோக்கு ஒருவர் வாழ்வின் தண்டவாளத்தையே மாற்றிவிட்டது. எல்லார்க்கும் அவ்வாறு நிகழும் என்று நாம் கூறவில்லை. நிகழக் கூடும் என்பதற்கு இது சான்று.

2024 ஜூலையில் வெளிவந்த ‘பால்அவுட்: லண்டன்’ என்பதும் அன்பர்கள் படைத்த பேரொட்டு. அளவில் மிகப் பெரியது. இணைய அளவும் சேமிப்பிடமும் தாராளமாக உள்ளோர் மட்டுமே முயல்க.

ஒட்டுவோர் கைக்கொள்ள வேண்டியன

மூல ஆட்டத்தை விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். திருட்டுப் பிரதியின் மேல் ஒட்டிய ஒட்டு பெரும்பாலும் இயங்காது. இயங்கினும் அதனோடு வரும் நச்சுநிரல் வீட்டாரின் வங்கிக் கணக்கு வரை கை நீட்டும்.

ஒட்டைச் சேர்க்கும் முன் இதுவரை ஆடிய ஆட்டத்தின் பதிவைத் தனியே படியெடுத்து வைத்தல் வேண்டும். நம் அலுவலகத்தில் பேரேட்டில் திருத்தம் செய்யும் முன் நகல் வைப்பது போன்ற வழக்கமே இது.

ஒரு நேரத்தில் ஓர் ஒட்டையே சேர்த்து, ஆட்டம் செவ்வனே ஓடுகிறதா என்று பார்த்து, அதன் பின் அடுத்ததைச் சேர்த்தல் வேண்டும். பத்தை ஒன்றாய்ச் சேர்த்தவன், ஆட்டம் நின்றபோது எதனைக் குறை கூறுவான்? ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் வரிசையும் முக்கியம். ரெயிலில் எஞ்சினுக்கு அடுத்து எப்பெட்டி, அதற்கடுத்து எது என்று வரையறை இருப்பது போல், ஒட்டுகளுக்கும் வரிசை உண்டு. அதனைச் செய்தவரே குறிப்பில் எழுதியிருப்பார். அக்குறிப்பை முழுதும் படித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

நற்பெயர் பெற்ற களஞ்சியங்களிலிருந்தே எடுத்தல் வேண்டும். ஆயினும் கண்ணை மூடிக் கொண்டு நம்புதலும் ஆகாது. 2023 ஜூனில் மைன்கிராப்ட் ஒட்டுகள் சிலவற்றில், பெயர் பெற்ற களஞ்சியத்திலேயே, ‘பிராக்சரைசர்’ என்னும் நச்சுநிரல் நுழைந்திருந்தது கண்டறியப்பட்டது. வெளிவந்த அன்றே பாய்ந்து எடுக்காமல் சில வாரம் பொறுத்திருப்பது இத்தகைய இடர்களுக்கு ஓரளவு காப்பாகும்.

ஓசை பிறக்கும் இடங்கள்

இனிக் காதைப் பற்றிய முறையீட்டிற்கு வருவோம். கீபோர்டு எனப்படும் விசைப்பலகையின் ஓசை ஓரிடத்தில் பிறப்பதன்று. கட்டையை அழுத்தும்போது உள்ளிருக்கும் ஸ்விட்ச் சொடுக்கினால் ஓர் ஓசை. கட்டை அடித்தளத்தில் மோதினால் ஓர் ஓசை. விட்டவுடன் மேலே எழும்பி இடித்து நின்றால் ஓர் ஓசை. இடைவெளிக் கட்டை, ‘என்ட்டர்’ கட்டை முதலிய நீண்ட கட்டைகளைத் தாங்கும் கம்பிகள் ஆடினால் கடகடவென்னும் ஓசை தனி. இவையனைத்தையும் பலகையின் வெற்றுக்கூடு வாங்கிப் பெருக்குகிறது. கூட்டிலிருந்து மேசை வாங்கிப் பெருக்குகிறது. குடத்தின் வாயில் தட்டினால் குடம் முழுதும் பேசுகிறதல்லவா?

பலகைகள் இரு பெரும் வகையின. ரப்பர்க் குமிழ் வைத்தவை ஒரு வகை. கட்டைதோறும் தனி ஸ்விட்சும் சுருள்வில்லும் வைத்தவை மற்றொரு வகை. பின்னதை ‘மெக்கானிக்கல்’ என்பர். இதில் மூன்று இனம் உண்டு. சொடுக்கும் இனத்தை நீல நிறத்தாலும், சொடுக்காமல் விரலுக்கு ஒரு தடை மட்டும் உணர்த்தும் இனத்தைப் பழுப்பு நிறத்தாலும், தடையின்றி வழுக்கிச் செல்லும் இனத்தைச் சிவப்பு நிறத்தாலும் பெரும்பாலான நிறுவனங்கள் குறிக்கின்றன. ஜெர்மனியின் ‘செர்ரி’ நிறுவனம் வகுத்த நிறங்கள் இவை, பிறரும் பின்பற்றினர்.

நம் நாட்டு அலுவலகங்கள் நன்கறிந்த மெக்கானிக்கல் பலகை, சென்னை டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ‘டி.வி.எஸ். கோல்டு’. அதில் உள்ளவை நீல ஸ்விட்சுகள். ஆண்டுக்கணக்கில் அடித்தாலும் அசையாத உழைப்பு அதற்குண்டு. கணக்கு எழுதும் கூடத்திற்கு அது தகும். பத்துப் பேர் பேசும் இடத்தில் அதன் ஓசை யாருக்கும் கேளாது. நள்ளிரவில் பாட்டியின் தலைமாட்டில் அது தகாது. உறுதியான பலகை என்று கேள்விப்பட்டுப் பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பொருளில் குறையில்லை, இடம் வேறு.

அமைதியான பலகையைத் தேர்தல்

பாத்திர ஆட்டத்திற்கு மின்னல் வேகம் வேண்டா. ஆதலால் நல்ல ரப்பர்க் குமிழ்ப் பலகையே பல வீடுகளுக்குப் போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கும், ஓசையும் தாழ்ந்தது. ஒரு குறை உண்டு: மலிவான பலகைகளில் மூன்று நான்கு கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகலாம். ஓடிக்கொண்டே குதிக்க வேண்டிய இடத்தில் வீரன் குதியாமல் பள்ளத்தில் வீழ்வான். வாங்கும் முன்னரே, ஆட்டத்தில் வழங்கும் கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்துக் கொள்ளலாம்.

மெக்கானிக்கல் பலகைதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் செய்தால், ‘சைலண்ட்’ என்று குறிக்கப்பட்ட ஸ்விட்ச் உடையதைத் தேர்க. சாதாரணச் சிவப்பு ஸ்விட்சும் சொடுக்காது. ஆயினும் மோதும் ஓசை அதில் உண்டு. சைலண்ட் வகையில் உள்ளே நகரும் தண்டின் மேலும் கீழும் சிறு ரப்பர் மெத்தைகள் வைக்கப்பட்டுள்ளன. செர்ரியின் சாதாரணச் சிவப்பில் கட்டை 4 மில்லிமீட்டர் தாழும். சைலண்ட் சிவப்பில் 3.7 மில்லிமீட்டரே தாழும். அந்த மெத்தை எடுத்துக் கொண்ட இடமே அவ்வேறுபாடு. விலை சில ஆயிரம் ஆகலாம். பண்டிகைப் போனஸ் வரும் வரை பொறுக்கச் சொல்வதில் தவறில்லை.

ஸ்விட்சுகளைப் பிடுங்கி மாற்றத்தக்க பலகைகளும் இப்போது வருகின்றன. ‘ஹாட்-ஸ்வாப்’ என்பர். இன்று மலிவான ஸ்விட்சோடு வாங்கி, நாளை கையில் காசு சேர்ந்தபோது அமைதியான ஸ்விட்சுகளை மட்டும் வாங்கிப் பொருத்திக் கொள்ளலாம். ஆட்டத்திற்கு ஒட்டு இருப்பது போல் பலகைக்கும் ஒட்டு உண்டு என்பதை இது காட்டுகிறது.

எங்கே வாங்குவது? எஸ்.பி. ரோடு என்று நாம் வழங்கும் சதர் பத்ரப்பா சாலையில் கணிப்பொறிக் கடைகள் வரிசையாக உள்ளன. படத்தைப் பார்த்து வாங்குவதினும் அங்கே சென்று தட்டிப் பார்த்து வாங்குதல் சிறந்தது. ஆனால் அச்சாலையின் இரைச்சலில் எல்லாப் பலகையும் ஊமைபோல் தோன்றும். ஆதலால் காதைப் பலகைக்கு அருகே தாழ்த்திக் கேட்க வேண்டும். எழுத்துக் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் இடைவெளிக் கட்டையின் இரு ஓரங்களையும் தட்டிப் பார்க்க வேண்டும். கடகடக்கும் கட்டை பெரும்பாலும் அதுவே. பலகையைத் தூக்கிச் சற்றே முறுக்கினால் கூடு நெளிகிறதா என்றும் பார்க்கலாம். நெளியும் கூடு அதிர்ந்து பேசும்.

செலவின்றி ஓசை அடக்குதல்

புதிதாய் வாங்க இயலாதோர்க்கும் வழி உண்டு. நம் இல்லத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். ஒரே பலகையை முதலில் வெறும் மரமேசை மீதும், பின்னர் நான்காய் மடித்த பவானி ஜமக்காளத்தின் மீதும் வைத்து, பிள்ளையைத் தட்டச் சொல்லி, நாமும் இல்லத்தாரும் அடுத்த அறையில் கதவைச் சாத்திக் கொண்டு செவி கொடுத்தோம். வெறும் மேசையின் மீது ஒவ்வொரு தட்டும் சுவர் வழியே வந்தது. ஜமக்காளத்தின் மீது, சுருதி இறங்கிய தவில்போல் அடங்கிவிட்டது. “இப்போது மின்விசிறிதான் அதிகம் பேசுகிறது” என்றார் நம் இல்லத்தார். சுவரை ஒட்டி நின்ற மேசையை ஒரு சாண் தள்ளிப் போட்டதும் அயல்வீட்டுக்குச் செல்லும் அதிர்வு மேலும் குறைந்தது.

கட்டைகளின் அடியில் சிறு ரப்பர் வளையங்கள் இடுவோரும் உண்டு. அவை கட்டை கீழே மோதும் ஓசையைக் குறைக்கும். மேலெழும் ஓசையைக் குறையா. சொடுக்கும் ஸ்விட்சின் ஓசைக்கும் அவை மருந்தல்ல. நீண்ட கட்டைகளின் கம்பியில் அதற்குரிய பசையைச் சிறு தூரிகையால் துளியளவு தடவினால் கடகடப்பு நீங்கும். தையற்பொறிக்கு விடும் எண்ணெயை ஊற்றுதல் கூடாது. பிளாஸ்டிக்கை அது கெடுக்கக் கூடும். எல்லாவற்றிலும் எளிய மருந்து, மெல்லத் தட்டப் பழகுதல். மெக்கானிக்கல் பலகையில் கட்டை அடித்தளம் வரை செல்ல வேண்டுவதில்லை. பாதி வழியிலேயே எழுத்துப் பதிவாகிவிடும். ஆத்திரத்தோடு குத்துவதால் வாள் கூர்மையாவதில்லை.

சில ஆட்டங்களைக் கையடக்கமான ‘கன்ட்ரோலர்’ கொண்டும் ஆடலாம். அதன் ஓசை பலகையினும் குறைவு. காதுக்கேள்வியை அணிந்து கொள்பவன் தன் ஆட்டத்தின் ஓசையை வீட்டிலிருந்து மறைக்கிறான். அதே வேளையில் தன் தட்டலின் ஓசை தனக்கே கேளாதவனாகிறான். ஆதலால் அவன் முன்னினும் வலிந்து தட்டுவான். ஒரு காதைத் திறந்து வைத்து ஆடச் சொல்லுங்கள்.

அதே பலகையில் தமிழும் எழுதலாம்

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ஆட்டத்திற்கு வாங்கிய பலகை ஆட்டத்திற்கு மட்டும் உரியதன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக் கொண்ட ‘தமிழ் 99’ அமைப்பு, எந்தப் பலகையிலும் இயங்கும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 247 எழுத்துகளையும் முப்பத்தொரு எழுத்துக் கட்டைகளில் அடக்கிவிடலாம். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’ தோன்றும். திண்ணைப் பள்ளியில் உயிரும் மெய்யும் கூட்டிப் படித்த முறை அதுவே. ஆட்டத்தில் விரல் பழகிய பிள்ளைக்கு இதனைக் கற்க நெடுநாள் ஆகாது.

கற்றவன் யாது செய்யலாம்? ஓர் ஆட்டத்தைத் தமிழாக்கும் ஒட்டைச் செய்யலாம். இப்பணியில் இடர் உண்டு. ஆட்டங்கள் யாவும் தமிழெழுத்தைச் செவ்வையாய்க் காட்டா. ‘கொ’ என்று வர வேண்டிய இடத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைக் காணலாம். அதனைத் திருத்தும் வழி தேடுவோனுக்கு எழுத்தின் அமைப்பும் கணிப்பொறியின் அமைப்பும் ஒருங்கே விளங்கும். பள்ளியில் மதிப்பெண் கிடையாத கல்வி அது; எனினும் கல்விதான்.

குடிபெயர்ந்தோர் கதை ஆட்டத்திற்கு ஆகுமா என்று ஐயுறுவோர் ‘வெண்பா’வை நோக்குக. இஃது ஒட்டன்று, தனி ஆட்டம். கனடா நாட்டு டொரான்டோ நகரில் ‘விசை’ என்னும் பெயர் தாங்கிய சிறு நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடா சென்று குடியேறிய தமிழ்த் தாய், தந்தை, தமிழிலிருந்து மெல்ல விலகிச் செல்லும் மகன் ஆகிய மூவரின் கதை அது. கிழிந்தும் அழிந்தும் போன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி முதலியவற்றைச் சமைப்பதே ஆட்டம். 2024-இல் பிரிட்டனின் ‘பாப்டா’ விருது, முதற் படைப்புக்கான பிரிவில், அதற்குக் கிடைத்தது. டொரான்டோவின் பனியில் விளைந்த கதை, பெங்களூரில் விளையாதோ? அல்சூர் ஏரிக்கரையும் கண்டோன்மென்ட் நிலையமும், கோலார் தங்கவயலிலிருந்து விடியலில் ரெயிலேறி வந்து இரவில் திரும்பும் தொழிலாளியும் எந்தக் கதைக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது: பிள்ளை ஆடும்போது ஒரு நாள் அருகே அமர்ந்து, “இது மூலமா, ஒட்டா? இதனைச் செய்தவர் யார்?” என்று கேளுங்கள். செய்தவர் பெயரை அறிந்து சொல்பவன், பிறர் உழைப்பை மதிக்கக் கற்றுவிட்டான் என்று கொள்ளலாம். பிள்ளைகளுக்கு நாம் கூறுவது: இரவு பத்து மணிக்கு மேல் பலகையின் அடியில் ஜமக்காளம் இருக்கட்டும், பதினொன்றுக்கு மேல் பலகையே உறங்கட்டும். விடுமுறையில் ஒட்டு ஒன்று செய்து முடித்தால் சங்கத்திற்குக் கொண்டு வந்து காட்டுங்கள். பெரியோர் பலருக்கு அது விளங்காது போகலாம். இருப்பினும் நாற்காலி இழுத்துப் போட்டுக் கொண்டு பார்க்க நாம் ஆயத்தமாக உள்ளோம்.